சுங்கம் செலுத்திய சாலையில் நின்றுபோன கார்

ஆண்டுதோறும் ஏப்ரல், செப்டம்பர் மாதங்களில் தமிழ்நாட்டு நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறும் செய்தி, சுங்கச்சாவடிகளில் கட்டண உயர்வு. அரசியல் கட்சிகள் கண்டன அறிக்கை விடுகின்றன. லாரி உரிமையாளர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கின்றனர். சில நாள்களில் பேச்சு அடங்கிவிடுகிறது. 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி அடிப்படைக் கட்டணம் ஆண்டுக்கு 3 சதவீதமும், அத்துடன் மொத்த விலைக் குறியீட்டெண் உயர்வில் 40 சதவீதமும் கூடுகிறது. உயர்வு என்பது அந்தச் சூத்திரத்திலேயே இருக்கிறது. தனியார் கார்களுக்கு 3,000 ரூபாயில் 200 பயணங்களுக்கான வருடாந்திர பாஸ் 2025 ஆகஸ்ட் 15-இல் நடைமுறைக்கு வந்தபின், கார் வைத்திருப்போரின் முணுமுணுப்பும் சற்றுக் குறைந்திருக்கிறது. எவ்வளவு செலுத்துகிறோம் என்பதைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், அதற்கு ஈடாக எதைப் பெறுகிறோம் என்பதை மிகக் குறைவாகவே பேசுகிறோம்.

சுங்கம் தார்ச் சாலைக்கு மட்டும் செலுத்தும் விலையல்ல. ரோந்து வாகனம், ஆம்புலன்ஸ், கிரேன் ஆகியவையும் அந்தச் சேவையில் அடங்கும். 1033 என்ற உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. ஆனால் இந்த ஏற்பாட்டின் நோக்கம் சாலையைத் தடையின்றி வைத்திருப்பது. பழுதான வாகனத்தை ஓடுபாதையிலிருந்து அகற்றிப் பாதுகாப்பான ஓரிடத்தில் விடுவதோடு கிரேனின் வேலை முடிகிறது. அந்த இடத்திலிருந்து அடுத்த பணிமனை வரை பயணி என்ன செய்வார் என்பது யாருடைய பொறுப்பிலும் இல்லை.

அந்த இடைவெளியின் விலை என்ன என்பதை அண்மையில் நேரில் காண நேர்ந்தது. நண்பர்கள் நால்வர் சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் புறப்பட்டோம். நால்வரும் அறுபதைக் கடந்தவர்கள். ஒருவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி என நான்கு சாவடிகளைக் கடந்து, வேப்பூருக்கு அப்பால் சென்றுகொண்டிருந்தபோது என்ஜின் கொதித்து, வண்டி நின்றுவிட்டது. ரோந்து ஊழியர்கள் அரை மணி நேரத்தில் வந்தனர். கூம்புகளை வைத்துப் போக்குவரத்தைத் திருப்பினர். காரை அணுகுசாலையில் கொண்டுவந்து நிறுத்தினர். தண்ணீர் பாட்டில்கூடக் கொடுத்துவிட்டுப் போயினர். அவர்களிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதன் பிறகே தொல்லை தொடங்கியது. காப்பீட்டில் சாலையோர உதவிக்கான கூடுதல் இணைப்பு இருந்தது. ஆனால் அவர்களுடைய ஒப்பந்த வண்டி வந்துசேர நான்கு மணி நேரமாகும் என்றார்கள். நண்பகல் வெயில், நீரிழிவுக்கார நண்பருக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டிருந்தது. யார் சொல்லி வந்ததோ தெரியவில்லை, தனியார் ரெக்கவரி வண்டி ஒன்று வந்து நின்றது. பெரம்பலூர் வரை கொண்டுசெல்ல 9,500 ரூபாய் என்றார் அதன் ஓட்டுநர். பேசி 7,000-க்கு இறங்கினார். அவர் கொண்டுபோய் இறக்கிய பணிமனையில் ரேடியேட்டரையும் தண்ணீர் பம்பையும் மாற்ற வேண்டும், 28,000 ரூபாய் ஆகும் என்றார்கள். எங்களுள் ஒருவர் இயந்திரவியல் படித்தவர். குனிந்து பார்த்து, வெடித்திருந்த ரப்பர் குழாயைச் சுட்டிக்காட்டினார். குழாயை மாற்றினார்கள், கூலியோடு 850 ரூபாய். வண்டி திருச்சிக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது.

28,000-க்கும் 850-க்கும் இடையிலுள்ள தொலைவை நேர்மையின்மை என்ற ஒரே சொல்லால் விளக்கிவிடலாம். ஆனால் பொருளியல் படித்தவனுக்கு அந்த விளக்கம் போதாது. மைக்கேல் டார்பி, எடி கார்னி ஆகிய இருவரும் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்று இத்தகைய சேவைகளைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டியது. நமக்கு எந்த அளவு பழுதுநீக்கம் தேவை என்பதை அதை விற்பவரே நமக்குச் சொல்கிறார்; வேலை முடிந்த பின்னும் அது தேவைப்பட்டதுதானா என்பதை நம்மால் அறிய இயலாது. உள்ளூரில் இதற்கு ஒரு மருந்து உண்டு. தெரு மெக்கானிக் நாளைக்கும் நம் முகத்தில் விழிக்க வேண்டியவர். ஏமாற்றினால் வாடிக்கை போய்விடும். நெடுஞ்சாலையில் அந்த மருந்து வேலை செய்யாது. பெரம்பலூர்க்காரர் எங்களை மறுபடி பார்க்கப்போவதில்லை. நாங்களும் அவரைப் பார்க்கப்போவதில்லை.

ரெக்கவரி வண்டிக்காரரின் கணக்கையும் பார்க்க வேண்டும். பல நாள் சவாரியே கிடைக்காது; கடன் தவணை நிற்காது; திரும்பும்போது வண்டி காலி. வழியில் பேச்சுவாக்கில் அவரே சொன்னார், பணிமனையிலிருந்து தமக்கு ஒரு பங்கு வரும் என்று. காத்திருப்பின் செலவு முழுவதையும் அகப்பட்ட சில பயணிகளிடமிருந்து எடுக்கும் தொழில் அது. எங்களுக்கு 7,000 ரூபாய் ஒரு வருத்தம், அவ்வளவுதான். தவணையில் கார் வாங்கி வாடகைக்கு ஓட்டும் இளைஞருக்கோ பல நாள் வருவாய். பயணிகள் பாதி வழியில் இறங்கிக்கொண்டால் அன்றைய வாடகையும் போயிற்று.

முன்பு இந்த அளவுக்கு அல்லல் இருந்ததில்லை என்பது என் தலைமுறையினரின் வழக்கமான பெருமூச்சு. அதில் பாதி உண்மை. அம்பாசடர் காலத்தில் விசிறிப் பட்டை ஒன்றை டிக்கியில் வைத்திருப்பார்கள். சாலையோர மெக்கானிக் ஸ்பானரோடு வந்து நின்ற இடத்திலேயே சரிசெய்வார். (அந்தக் கார்கள் அடிக்கடி நின்றன என்பதை மறந்துவிடுகிறோம்.) இன்றைய கார் அரிதாகவே நிற்கிறது, நின்றால், பழுதறியும் கணினிக் கருவி இல்லாதவர்கள் தொடவே தயங்குகிறார்கள். ஆட்டோமேட்டிக் வண்டிகளைக் கயிறு கட்டி இழுப்பதும் ஆபத்து. தட்டு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ஆகவே, நின்ற இடத்தில் பழுதுநீக்கும் சந்தை சுருங்கி, ஏற்றிச்செல்லும் சந்தை வளர்ந்திருக்கிறது. இதில் தொழில்நுட்பத்துக்கு மட்டுமல்ல, நிறுவனங்களுக்கும் பங்குண்டு. உதிரிப் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பணிமனைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பழுதுநீக்கும் உரிமைக்கென மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. வேப்பூர் சாலையோரத்துக்கு இவை எதுவும் இன்னும் வந்துசேரவில்லை.

பணத்தைவிடப் பெரிய கேள்வி உயிர். 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கை. மொத்தச் சாலை நீளத்தில் இரண்டு சதவீதத்தை ஒட்டியே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் மட்டும் அந்த இறப்புகளில் 36 சதவீதம் நிகழ்ந்தது. மோதல் வகைகளில் பின்னிருந்து மோதுதலே மிகுதி. ஓடுபாதையிலோ அதன் விளிம்பிலோ நிற்கும் வண்டிக்கு ஒவ்வொரு நிமிடமும் ஆபத்துதான். ரெக்கவரி வண்டிக்காரர் கேட்கும் தொகைக்கு அஞ்சி, கொதிக்கும் என்ஜினோடு அடுத்த ஊர் வரை உருட்டிப் பார்ப்போமே என்று துணிபவர்களை நானே அறிவேன். விலை தெரியாத சந்தை மனிதர்களை அப்படித்தான் நடந்துகொள்ள வைக்கும்.

அரசு கட்டணம் நிர்ணயித்தால் தீர்ந்துவிடுமா என்றால், என் பதில் தயக்கத்தோடுதான் வரும். தமிழ்நாட்டில் 2013 ஆகஸ்டில் ஆட்டோக்களுக்கு முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதன்பின் கி.மீ.க்கு 12 ரூபாய் என நிர்ணயித்தார்கள். எரிபொருள் விலை ஏறியது. கட்டணம் பல்லாண்டுகள் அப்படியே நின்றது. மீட்டர் வெறும் அலங்காரமாயிற்று. இங்கிலாந்தில் காவல் துறை அகற்றும் சாதாரணக் காருக்கு 2008 விதிகளில் 150 பவுண்டு என்று வைத்திருந்ததை 2023-இல் 192 ஆக்கினார்கள். அங்கும் திருத்தம் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தது. ஆயினும் சாலையில் நிற்பவருக்குத் தொகை முன்கூட்டியே தெரியும். ஜெர்மனியில் 1903-இல் தோன்றிய வாகன உரிமையாளர் சங்கமான ஏடிஏசி வேறு வழியில் சென்றது. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் சந்தாவில், அதன் மஞ்சள் வண்டிகள் நின்ற இடத்துக்கே வந்து பழுதுபார்க்கின்றன. காத்திருப்பின் செலவை எல்லோரும் சிறிது சிறிதாகப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

நம்மிடம் அப்படிப் பகிர்ந்துகொள்ளும் நிதி ஏற்கெனவே இருக்கிறது, சுங்கமே அது. முதல் 25 கி.மீ. தொலைவுக்குள் பயணி கேட்கும் பணிமனைக்குக் காரைச் சேர்ப்பதையும் அதே கட்டணத்தில் அடக்கலாம். அதற்கு மேற்பட்ட தொலைவுக்கான கி.மீ. விகிதத்தைச் சுங்கம் உயரும் அதே சூத்திரத்தில் உயர்த்தினால், ஆட்டோ மீட்டருக்கு நேர்ந்தது இதற்கு நேராது. ஒவ்வொரு சாவடிக்கும் பதிவுபெற்ற ரெக்கவரி வண்டிகளின் பட்டியலும், அழைப்புக்கு எத்தனை நிமிடத்தில் உதவி சென்றது என்ற மாதக் கணக்கும் வெளியிடப்பட வேண்டும்.

சேவை குறைந்தால் கட்டணம் கேட்க முடியாது என்ற கருத்து நீதிமன்றங்களில் ஏற்கெனவே ஒலித்துவிட்டது. கேரளத்தின் பாலியேக்கரை சாவடியில் 2025 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்திவைத்தபோது, உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. பின்னர்தான் வசூலுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. அந்த வழக்கு நெரிசலையும் மோசமான சாலையையும் பற்றியது. உதவிச் சேவையின் எல்லையை எந்த வழக்கும் இன்றியே விரிவாக்கலாம். புதிய சட்டமும் தேவையில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்து மறு ஏலத்துக்கு வரும் சாலைகளின் ஏல நிபந்தனைகளில் இதைச் சேர்க்க, சாலைப் போக்குவரத்து அமைச்சகம் முடிவெடுத்தால் போதும்.