கூரை போன பின்னும் சபை

தோட்டக் கிறிஸ்தவம் தோட்டத்தோடு முடிந்துபோனது என்று அண்மையில் ஓர் இதழ் தீர்ப்பு எழுதியிருக்கிறது. கோயில் பூட்டப்பட்டது, பதிவேடு நகரத்துப் பங்குக்குப் போனது, ஆகவே சபையும் இல்லை, விசுவாசமும் இல்லை என்பது அதன் கணக்கு. மலேசியாவின் பாகான் டத்தோவில் கொப்பரை காயவைத்துப் பிழைத்த குடும்பங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க எங்களால் முடியவில்லை.

முதலில் சபையைப் பார்ப்போம். பவுலின் காலத்து ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியர் கூடாரத் தொழிலாளிகள். கிலவுதியு ராயன் யூதர்களை ரோமிலிருந்து விரட்டியபோது கொரிந்துக்குப் போனார்கள், அங்கிருந்து எபேசுக்கு, பிறகு மறுபடி ரோமுக்கு. ரோமருக்கு எழுதிய கடிதத்தில் அவர்கள் வீட்டில் கூடும் சபைக்குப் பவுல் வாழ்த்துச் சொல்கிறார். பிழைக்கப் போன ஊரெல்லாம் சபையும் கூடவே போயிருக்கிறது. சிரியாவின் தூரா யூரோப்போஸில் தோண்டி எடுத்த 3ஆம் நூற்றாண்டுக் கோயிலும் குடியிருந்த வீடுதான். இரண்டு அறைகளுக்கு நடுச்சுவரை இடித்துக் கூடமாக்கியிருந்தார்கள், இன்னொரு அறையில் ஞானஸ்நானத் தொட்டி.

விசுவாசத்துக்கு வருவோம். 250இல் ரோமப் பேரரசன் தேசியு எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றான். எகிப்தில் கிடைத்த பப்பிரசுகளில் அந்தச் சான்றிதழ்களை இன்றும் பார்க்கலாம்: பெயர், ஊர், பலியிட்டேன், படைத்த இறைச்சியைச் சுவைத்தேன் என்ற வாக்குமூலம், அதிகாரியின் ஒப்பம். கார்த்தேஜில் பயந்து பலியிட்டவர்கள் ஏராளம். அவ்வூர் ஆயர் சிப்பிரியானே தலைமறைவாகித்தான் தப்பினார். அலை ஓய்ந்ததும் விழுந்தவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். நெடிய சச்சரவுக்குப் பிறகு, தவம் செய்தவர்களை அந்தச் சபை ஏற்றுக்கொண்டது. விழுந்தவனைக் கைவிடாததையும் விசுவாசம் என்றே நாங்கள் படிக்கிறோம். அதை எந்தப் பதிவேட்டில் தேடுவார்கள்?

குருவே இல்லாத சபை என்றால் யாழ்ப்பாணத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1658இல் ஒல்லாந்தர் பிடித்த பிறகு அங்கே கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை. 1687இல் யோசப் வாஸ் அடிகள் பிச்சைக்காரர் கோலத்தில், கழுத்தில் ஜெபமாலையோடு வீடு வீடாகப் போனார், அந்த மாலையை யார் கண்டுகொள்கிறார்கள் என்று பார்த்தபடி. கண்டுகொள்ள ஆள் இருந்தார்கள். சில்லாலை அவருக்கு இடம் கொடுத்தது. ஒரு தலைமுறைக் காலம் குருவில்லாமல் சபையைக் காத்தவர்கள் குடியானவர்கள்.

நம் தோட்டங்களிலும் குரு எப்போதாவதுதான் வருவார். இடையில் ஜெபமாலை சொன்னவர், சாகக்கிடந்த பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றியவர், பிணத்துக்கு முன்னால் நடந்தவர் உபதேசியார். அவரும் விடிந்தால் வேலைக்காட்டுக்குப் போகிற ஆள்தான். 1976இல் தீபகற்ப மலேசியாவின் குருக்கள் பினாங்கில் ஒரு மாதம் கூடி, அக்கம்பக்கத்தார் வீடுகளில் கூடும் அடிப்படைக் கிறிஸ்தவ சமூகங்களே முதன்மை என்று முடிவெடுத்தார்கள். லயத்து வாசலில் பாய் விரித்து ஜெபம் சொன்னவர்களுக்கு அது புதிய சேதியா என்ன?

தென்னை போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் போயின. கட்டடத்தையும் காகிதத்தையும் மட்டும் சான்றாக எடுப்பவர்களின் வரலாற்றில் தோட்டத் தமிழர் என்றைக்கும் இல்லாதவர்களே, எந்தச் சாமியைக் கும்பிட்டாலும். வாசகர்களே, உங்கள் தோட்டத்து உபதேசியார் யார், எந்த வீட்டில் கூடினீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து அச்சிடுகிறோம்.