ஊர்ச் செய்திக்கு யார் பணம் கட்டுவது?

அமெரிக்காவில் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களுக்குச் செய்திதான் சோறு போடுகிறது. அவற்றின் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி செய்தி நேரத்திலிருந்து வருவதாக அங்குள்ள ஆய்வுகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. காரணம் எளிது. தன் ஊர்ச் செய்தியை மக்கள் பார்க்கிறார்கள். அதே ஊரின் கார் வியாபாரி அந்த மக்களைத் தேடிப் பணம் கட்டுகிறார்.

இலங்கையின் தமிழ்ச் செய்திக்கு இந்தக் கணக்கு ஏன் பொருந்தவில்லை?

சக்தி தொலைக்காட்சி 1998 இல் வந்தது. போர் முடிந்த 2009 இல் அரசின் ஐ.ரி.என். நிறுவனம் வசந்தம் அலைவரிசையைத் தொடங்கியது. இரண்டும் தலைநகரிலிருந்து நாடு முழுவதற்கும் பேசுபவை. ஒரே செய்தியறிக்கைதான் பருத்தித்துறைக்கும் ஹட்டனுக்கும் பொத்துவிலுக்கும் போகிறது. பருத்தித்துறையில் இரும்புக்கடை வைத்திருப்பவருக்கு ஹட்டனில் வாடிக்கையாளர் இல்லை. நாடு முழுவதற்குமான விலையைக் கொடுத்து அவர் ஏன் முப்பது விநாடி வாங்க வேண்டும்?

மிஞ்சுவது பால்மா, சவர்க்காரம், வங்கி, தொலைபேசி நிறுவனங்கள். பண்டிகை வந்தால் கொழும்புக் கடைகள். நான் வசிக்கும் ஹெவ்லொக் டவுனிலிருந்து வெள்ளவத்தையின் நகைக்கடைகளும் புடவைக்கடைகளும் நடந்துபோகும் தூரம்தான். விளம்பரதாரருக்கு எங்களைத் தெரியும். முல்லைத்தீவில் இருப்பவரைத் தெரியாது.

பெரிய நிறுவனங்கள் தலையை எண்ணித்தான் பணம் போடும். அங்கேதான் நமக்கு அடி விழுந்தது. 2001 குடிசன மதிப்பீடு 25 மாவட்டங்களில் 18 இல் மட்டுமே முழுமையாக நடந்தது. 1981 இற்குப் பிறகு நாடு முழுவதும் எண்ணப்பட்டது 2012 இல்தான். சனத்தொகையே சரியாகத் தெரியாத இடத்தில் நுகர்வோரை யார் எண்ணுவது?

2009 ஜனவரி 6 இல், சிரச, சக்தி நிலையங்களின் பன்னிப்பிட்டிய கலையகம் தாக்கி எரிக்கப்பட்டது. செய்தியை அச்சுறுத்தி அடக்கிய காலம் அது. இன்று அதைச் சத்தமில்லாமல் சுருக்குவது கணக்குப் புத்தகம். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் இரண்டாயிரம் நாட்களைக் கடந்தது. அந்தத் தாய்மாரின் கொட்டிலுக்குப் பக்கத்தில் தன் சவர்க்காரத்தைக் காட்ட எந்த நிறுவனம் விரும்பும்? ஆண்டு நிறைவு நாட்களில் அது செய்தியாகிறது. இடைப்பட்ட நாட்களில் அபூர்வமாகவே திரைக்கு வருகிறது.

இதற்கு மறுபக்கம் பத்திரிகையில் இருக்கிறது. 1985 இல் தொடங்கிய உதயன் பத்திரிகையின் பணிமனைக்குள் 2006 மே 2 இல் புகுந்து ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். பத்திரிகை நிற்கவில்லை. ஊழியரின் துணிவே முதற்காரணம். ஆனால் மரண அறிவித்தலும் நினைவஞ்சலியும் காணி விற்பனையுமாக ஊர்ப் பணம் வரும் பக்கங்கள் யாழ்ப்பாணப் பத்திரிகைகளுக்கு உண்டு என்பதையும் மறக்கக்கூடாது.

தொலைக்காட்சியும் அந்தக் கதவைத் திறக்கலாம். மாவட்டத்துக்கு ஒரு செய்தி நேரம், அந்த மாவட்டத்துக்குள் மட்டும் ஓடும் விளம்பரம், சிறு கடைக்காரருக்குக் கட்டுப்படியாகும் விலை. கேபிள் வழியும் இணைய வழியும் இது செய்யக்கூடியதே. நம் வர்த்தக சங்கங்களும் இதைக் கேட்க வேண்டும். நம் ஊர்ச் செய்திக்கு நம் ஊர் பணம் கட்டாதவரை, அது எத்தனை விநாடி ஓடலாம் என்பதை வேறொருவரே தீர்மானிப்பார்.