முதலில் தொடுப்பைப் பாருங்கள்

முள்ளிவாய்க்காலுக்கு வடகிழக்கே பெருங்கடல், தென்மேற்கே நந்திக்கடல். வாடை கடலிலிருந்து வருகிறது. சோளகம் நந்திக்கடலைக் கடந்து வருகிறது. எந்தப் பருவமானாலும் உப்புநீரைத் தொடாத காற்று அந்த ஒடுங்கிய நிலத்துக்குக் கிடைப்பது அரிது. மின் உபகரணம் உப்பைத் தாங்குமா என்று பார்க்க ஆய்வுகூடங்களில் ஒரு சோதனை உண்டு: 5 சதவீத உப்புக் கரைசலை 35 பாகை செல்சியஸில் மூடிய பெட்டிக்குள் புகாராக விசிறுவார்கள். கடல்நீரின் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம். வைகாசி வெயிலில் முல்லைத்தீவுக் கரையில் கிடக்கும் படகொன்றின் ஜிபிஎஸ் கருவிக்கு அதே சோதனை, சற்று நீர்த்த வடிவில், செலவில்லாமலே நடந்துகொண்டிருக்கிறது.

இருந்தும், பழுதென்று மேசைக்கு வரும் எதையும் எடுத்த எடுப்பில் திறந்து பலகையைக் குடைவதே மின்கருவி பழுதுபார்ப்பில் பலரின் வழக்கம். ஐசி மீது சந்தேகம் விழும்; கப்பாசிற்றர் மாறும். உள்ளே வரும் பிளக், பியூஸ் கூடு, பற்றரி முனை ஆகியவற்றைக் கடைசியில்தான் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். கரையோர வன்னியில் இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பதே இவ்விதழின் நிலைப்பாடு.

காரணம் உப்பின் குணத்திலேயே இருக்கிறது. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியதும் கறியுப்பு தானே ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கரையோர இரவுகளில் அந்த அளவு எளிதில் எட்டிவிடும். பிளக்கின் ஊசிகளுக்கிடையே படிந்த உப்புத்தூள் விடியற்காலையில் மின்கடத்தும் ஈரப்படலமாகிறது. வெயில் ஏற ஏறக் காய்ந்து மீண்டும் தூளாகிறது. விடிய நாலு மணிக்குப் படகில் உயிரற்றுக் கிடந்த கருவி மத்தியானம் கடைக்கு வந்ததும் ஒழுங்காக வேலை செய்வதன் மாயம் பெரும்பாலும் இதுதான். உரிமையாளரைப் பொய்யர் என்று நினைக்குமுன் அந்தப் பிளக்கை ஈரத்துணியால் கொஞ்ச நேரம் போர்த்திப் பார்க்கலாம்.

இன்னொன்று, கம்பி. முறுக்குக் கம்பியின் இழைகளுக்கிடையே ஈரம் தானாகவே ஏறிச் செல்லும். முனையில் இரண்டு அங்குலம் உறை உரித்தாலும் செம்பு கறுத்தே இருக்கும். இன்னும் இரண்டு அங்குலம் உரித்தாலும் அப்படியே. கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது. பிடித்ததுபோல் உருண்டு நிற்கும், அவ்வளவுதான். அதன்மேல் ரேப் சுற்றி அனுப்புவது பழுதுபார்த்தல் ஆகாது. படகில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஈயம் ஊறிய பகுதி விறைத்துவிடுவதால், அது முடியும் இடத்தில் எஞ்சின் அதிர்வு கம்பியை ஒடித்துவிடும். ஈயம் பூசிய செம்புக் கம்பி, அளவுக்கேற்ற லக், சரியான கிரிம்ப் குறடு, உள்ளே பசையுள்ள சுருங்குகுழாய் என்பவையே அங்கே பொருத்தமானவை.

தொடுப்பைச் சோதிக்கும் முறையும் மாற வேண்டும். மல்ரிமீற்றரைச் சத்தமிடும் நிலையில் வைத்து, ‘பீப்’ வந்தால் இணைப்பு நன்று என்று முடிப்பது மிகப் பழகிப்போன ஏமாற்று. சில பத்து ஓம் தடை இருந்தாலும் பல மீற்றர்கள் அப்படிச் சத்தமிடும். அவை செலுத்தும் மின்னோட்டமோ மிகச் சிறியது. தொடுப்பொன்றில் 0.1 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 அம்பியர் ஓடும்போது அரை வோல்ற்று அங்கேயே விழும், 2.5 உவாற்று வெப்பமாகும். சோலார் தொகுதியில் 10 அம்பியர் ஓடினால் அதே தொடுப்பில் 10 உவாற்று. பிளாஸ்ரிக் உறை உருக அது போதும். வெவ்வேறு கம்பனிகளின் எம்சி4 பிளக்குகளை, கிளிக் என்று பூட்டிக்கொள்கின்றன என்பதற்காக ஒன்றோடொன்று சோடி சேர்ப்பதன் ஆபத்தும் இதுவே.

ஆகவே கருவியை ஓடவிட்டு, பற்றரியின் முனையில் ஒரு ஊசி, கருவியின் முனையில் மறு ஊசி என்று வைத்து, இடையில் எத்தனை மில்லிவோல்ற்று விழுகிறது என்று பார்க்க வேண்டும். நேர்க்கம்பிக்கு ஒருமுறை, மறைக்கம்பிக்கு ஒருமுறை. மில்லி ஓம் வரை நுணுகி அளக்க நாற்கம்பி முறை இருக்கிறது. அதற்கான கவ்விகள் இன்றும் கெல்வின் பிரபுவின் பெயரால்தான் விற்கப்படுகின்றன. அத்திலாந்திக் சமுத்திரத்தடியில் தந்திக் கம்பி போட்ட காலத்தில் அந்த வேலையோடு மல்லுக்கட்டியவர் அவர் என்பதை உப்புநீரோடு மல்லுக்கட்டும் இத்தொழிலாளர் அறிந்திருப்பது நல்லது.

வன்னிக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிபிசி தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும் கேட்ட காலம் அது. அந்த டைனமோ தருவது 6 வோல்ற்று, 3 உவாற்று, அதுவும் ஆடலோட்டம். நேரோட்டமாக்க நான்கு டயோட் வைத்தால் எந்நேரமும் இரண்டு வழியில் நிற்கும், 1.4 வோல்ற்று அதற்கே போய்விடும். போதாக்குறைக்குப் பல டைனமோக்களுக்கு ஒரு கம்பிதான். மறுவழி சைக்கிளின் இரும்புச் சட்டமே. பிடிக்குக் கீழே பெயின்ற்றோ கறளோ இருந்தால் குரல் கம்மிவிடும். பெயின்ற்றைச் சுரண்டி இரும்பைப் பளிச்சென்று தெரிய வைத்தால் குரல் திரும்பும். தொடுப்பின் விலையை அன்று காது சொல்லிவிடும். 12 வோல்ற்றுப் பற்றரி தாராளமாகக் கிடைக்கும் இன்று அந்தக் கண்டிப்பு தளர்ந்துபோனதில் வியப்பில்லை.

வெப்பத்துக்கு வருவோம். 12 வோல்ற்றிலிருந்து 5 வோல்ற்று எடுக்க 7805 ஐசி வைத்து 1 அம்பியர் இழுத்தால் 7 உவாற்று அதன் உடம்பில் இறங்குகிறது. உள்ளே 125 பாகை எல்லை. சுற்றுப்புறம் 25 பாகை என்றால், உவாற்றுக்கு 14.3 பாகை வரை வெப்பத்தடையைத் தாங்கலாம். ஐசியின் சொந்தத் தடை 5 போக, ஹீற் சிங்க்கிற்கும் பேஸ்ற்றுக்கும் 9.3 மிஞ்சும். தகரக் கூரையின் கீழ், மூடிய பெட்டிக்குள் சுற்றுப்புறம் 45 பாகையானால் மிஞ்சுவது 6.4தான். அதாவது 25 பாகையை நம்பித் தெரிவான ஹீற் சிங்க் இங்கே மூன்றில் ஒரு பங்கு போதாமல் போகிறது. பக்கத்தில் நிற்கும் கப்பாசிற்றரின் ஆயுளோ ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழப் பாதியாகும்.

பேஸ்ற்றை அள்ளி அப்புவதால் இது சரியாகாது. சாதாரண வெள்ளைப் பேஸ்ற்று காற்றைவிடச் சில பத்து மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் இருநூறில் ஒரு பங்கும் வராது. இடுக்கில் உள்ள காற்றை வெளியேற்றுவதே அதன் வேலை. விசிறி வைப்பதற்கும் கரையோரத்தில் இருமுறை யோசிக்க வேண்டும்; அது குளிர்காற்றோடு உப்பையும் பலகைமீது இழுத்து வருகிறது. முடிந்த இடத்தில் விசிறியில்லாத, உடலே ஹீற் சிங்க்கான பெட்டியைத் தெரிந்து, சிறகுகள் மேலும் கீழுமாக நிற்கும்படி, மேற்கு வெயில் படாத சுவரில் மாட்டுவது மேல்.

இத்தனைக்கும் தடையாக நிற்பது பெரும்பாலும் கடைக்கணக்கு. ஐசி மாற்றினேன் என்றால் வாடிக்கையாளர் பேசாமல் காசு தருவார். பிளக்கைத் துப்புரவாக்கினேன் என்றால் ‘இதுக்கா இவ்வளவு?’ என்பார். அதனால் தேவையில்லாத ஐசியும் மாறுகிறது. பற்றுச்சீட்டில் ‘தொடுப்புச் சீரமைப்பு’ என்று தனி வரி போட்டு, முன்னர் விழுந்த மில்லிவோல்ற்றையும் பின்னர் விழுவதையும் அருகருகே எழுதிக் கொடுக்கலாம். 600 என்றிருந்தது 40 ஆனதை மீற்றரிலேயே காட்டிவிட்டால் பேரம் பேச வருபவர் குறைவு.