தைராய்டு: நெருப்பும் காவலும்



கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்துள்ள சிறு சுரப்பியே தைராய்டு. ஏறக்குறைய 20 கிராம் எடையே கொண்ட இச்சுரப்பி, உடலின் வெப்பத்தையும் வளர்ச்சியையும் இதயத் துடிப்பையும் நெறிப்படுத்துகிறது. இதில் தோன்றும் புற்றுநோய் ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாகக் காணப்படுகிறது. ஆகவே, இம்மாதம் இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

அடுப்பு எரியாமல் சோறு வேகாது. ஆனால் அடுப்பருகே விழிப்பு இல்லையெனில் கூரையே தீப்பற்றும். தைராய்டின் நிலையும் இதுவே. உப்பிலும் மீனிலும் உள்ள அயோடினை ஹார்மோனாக மாற்ற இச்சுரப்பிக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு தேவைப்படுகிறது. புண்ணைக் கழுவ மருந்துக் கடையில் விற்கிறார்களே, அதே பொருள்தான்! சுரப்பியின் உயிரணுக்கள் இதை நாள்தோறும் தாமே தயாரித்துக்கொள்கின்றன. அளவு மீறினால் இப்பொருள் உயிரணுவின் உறையையும், மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இழையையும் சிதைத்துவிடும். இந்நிலையையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பர்.

நெருப்பு உள்ள இடத்திலேயே காவலும் உண்டு. உயிரணுவுக்குள் கசியும் பெராக்சைடை கேட்டலேஸ், குளுட்டாதையோன் பெராக்சிடேஸ் முதலிய நொதிகள் வெறும் தண்ணீராக மாற்றிவிடுகின்றன. இவற்றுள் இரண்டாவது நொதிக்குச் செலினியம் என்னும் தாது இன்றியமையாதது. எடைக்கு எடை ஒப்பிட்டால், உடலுறுப்புகளுள் செலினியம் மிகுந்திருப்பது தைராய்டில்தான்.

இக்காவல் தளரும்போது டி.என்.ஏ. இழை அறுபட்டு, தவறான இடத்தில் ஒட்டிக்கொள்ள நேரலாம். ஆய்வுக்கூடத்தில் தைராய்டு உயிரணுக்களின் மீது ஹைட்ரஜன் பெராக்சைடைச் செலுத்தியபோது, பாப்பில்லரி வகைப் புற்றுநோயில் காணப்படும் அத்தகைய தவறான இணைப்பு ஒன்று உண்டானதை ஆய்வாளர் கண்டனர். கதிர்வீச்சும் இவ்வாறே இழையை அறுக்கிறது. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தபின், கதிரியக்க அயோடின் கலந்த பாலை அருந்திய உக்ரைன், பெலாரஸ், ரஷ்யக் குழந்தைகளுள் ஆயிரக்கணக்கானோர் பிற்காலத்தில் தைராய்டு புற்றுநோய்க்கு ஆளாயினர். தேவையின்றிக் குழந்தைகளின் கழுத்துக்கு சி.டி. ஸ்கேன் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

"அப்படியானால், காவலைப் பலப்படுத்தும் ஆன்டி ஆக்சிடென்ட் மாத்திரைகளை வாங்கி விழுங்கினால் போதுமே!" என்று உங்களுக்குத் தோன்றலாம். இங்குதான் எச்சரிக்கை தேவை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது! அமெரிக்காவில் 35,000க்கும் மேற்பட்ட ஆடவருக்குச் செலினியமும் வைட்டமின் ஈயும் கொடுத்துப் பார்த்த ஆய்வு, புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கப் பயன்படாமையால் 2008இல் நிறுத்தப்பட்டது. புற்றணுவும் ஓர் உயிரணுவே. அதுவும் இதே காவலைக் கொண்டுதான் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான செலினியம் 55 மைக்ரோகிராம் மட்டுமே. மீன், முட்டை, இறைச்சி, தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றை உண்பவர்களுக்கு இது பெரும்பாலும் உணவிலேயே கிடைத்துவிடும். அளவு மிஞ்சினால் முடி உதிரும், நகம் உடையும். மருத்துவர் சொல்லாமல் இம்மாத்திரைகளை வாங்காதீர்கள்.

அவ்வாறாயின் நாம் செய்யக்கூடியது என்ன? கண்ணாடி முன் நின்று, தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். கழுத்தில் ஏதேனும் கட்டி மேலெழுந்து இறங்குகிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அஞ்ச வேண்டாம்; இத்தகைய கட்டிகளுள் பத்தில் ஒன்பது புற்றுநோய் அல்ல. ஆயினும் ஒலி அலை ஸ்கேனும், தேவைப்பட்டால் மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சோதனையும் செய்துகொள்வது அவசியம். கட்டி விரைந்து வளர்ந்தாலோ, குரல் கம்மினாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

தாய்மார்களே! மகளுக்கு வரன் பார்க்கும் வேளையில் "வெளியே தெரிந்தால் என்னாகும்?" என்றெண்ணி, கழுத்துக் கட்டியை முக்காட்டுக்குள் மறைத்து மாதங்களைக் கடத்திவிடாதீர்கள். பாப்பில்லரி வகை பெரும்பாலும் மெதுவாக வளர்வது. காலத்தே அறுவை செய்தால் மிகப் பெரும்பாலோர் நலம்பெற்று, இல்லறமும் மக்கட்பேறும் கண்டு வாழ்கின்றனர்.

சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டவர்கள் ஆயுள் முழுதும் தைராக்சின் மாத்திரை உண்ண வேண்டும். ரமலானிலும் அதை விட்டுவிடலாகாது. இரவு உணவுக்கு மூன்று மணி நேரம் கழித்து உறங்கப் போகுமுன்போ, சஹர் உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்போ வெறும் வயிற்றில் உண்ணலாம். எது ஏற்றது என்பதை நோன்பு தொடங்குமுன்பே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.