கணக்கு வராதுன்னு எவன் சொன்னது?

சாதியைச் சொல்லாமலே சாதியைச் சொல்ல நம்ம ஊரில் ஏகப்பட்ட வழி உண்டு. 'நீங்க எந்தப் பக்கம்?' என்பது ஒரு வழி. 'கோட்டாவா?' என்பது இன்னொரு வழி. எல்லாவற்றையும்விட மரியாதையான வழி வாத்தியார் வாயிலிருந்து வருவது: 'இவனுக்குக் கணக்கு வராது.'

சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடலாம். பத்தாம் வகுப்பு முடித்து வரிசையில் நிற்கிற பிள்ளையிடம் 'கணக்கு வராது, மூணாவது குரூப் எடுத்துக்கோ' என்றால் எந்தச் சட்டத்தில் போடுவது? அங்கே ஒரு வெட்டு விழுகிறது. ரத்தம் வராததால் யாரும் பார்ப்பதில்லை. பதினைந்து வயதில் கணக்கை விட்டவனுக்குப் பொறியியல் கிடையாது, கணிதம் கிடையாது, இயற்பியல் கிடையாது. கதவைச் சாத்திவிட்டுப் பிறகு மேடை போட்டுக் கேட்கிறார்கள்: 'ரிசர்வேஷன் குடுத்தும் ஏம்பா சீட்டு காலியா கெடக்கு?'

'கணக்கு' என்ற சொல்லையே கொஞ்சம் கவனியுங்கள் தோழர்களே. பள்ளிக்கூடத்தில் போடுவதும் கணக்கு. நிலத்துக்கு எழுதுவதும் கணக்கு. கடனுக்கு எழுதுவதும் கணக்கு. ஊர்க்கணக்கு எவன் கையில் இருந்ததோ அவன் கையில்தான் ஊர் இருந்தது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் நம் மக்களின் நிலைமை பற்றி 1891இல் அறிக்கை எழுதினார். 1892இல் வெள்ளைக்கார அரசு பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை போட்டது. வேறு சாதியாருக்குக் கைமாறக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்த நிலம் எப்படிக் கைமாறியது? அரிவாளால் மட்டுமா? சிட்டாவிலும் அடங்கலிலும் பேனாவால் கைமாறியது. பரம்பரைக் கணக்குப்பிள்ளை பதவியை ஒழிக்க 1980 வரை ஆனது. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்ட காரணைப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். கணக்கு வெறும் பாடம்தானே என்று சொல்கிறவனைத் தாம்பரத்தில் ரயில் ஏற்றிச் செங்கல்பட்டில் இறக்கிவிடுங்கள்.

நமக்கா கணக்கு வராது? அதே செங்கல்பட்டுப் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்தவர். அதன் பிறகுதான் 1893இல் 'பறையன்' பத்திரிகை. பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் அம்பேத்கரைக் கரும்பலகையில் கணக்குப் போட ஆசிரியர் கூப்பிட்டபோது, மற்ற பையன்கள் பாய்ந்து ஓடிப் பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சோற்று டப்பாக்களை எடுத்தார்கள் என்று தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. கணக்குப் போட வந்தவனின் நிழல் சோற்றில் விழுந்துவிடுமாம்! அந்தப் பையன்தான் 1923இல் 'ரூபாயின் பிரச்சினை' என்ற நூலை லண்டனில் வெளியிட்டு, இந்த நாட்டின் நாணயக் கணக்கையே கேள்வி கேட்டான். கரும்பலகைக்கும் நமக்கும் நடுவில் இருந்தது அறிவின் குறை கிடையாது, அவர்களின் சோற்று டப்பா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிண்டிக் காட்டுக்குள் 1959இல் வந்த சென்னை ஐ.ஐ.டி., 2020இல் ஆன்லைனில் ஒரு பட்டப்படிப்பை அறிவித்தது. இப்போது அதற்குப் பெயர் டேட்டா சயின்ஸ் பி.எஸ். இதற்கு ஜே.இ.இ. எழுத வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பில் எந்தக் குரூப் படித்திருந்தாலும் சரி, பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்தவுடன் பரீட்சை வைப்பதில்லை. நாலு வாரம் ஆன்லைனில் பாடம் நடத்துகிறார்கள். கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை, ஆங்கிலம். வாராவாரம் வீட்டுக்கணக்கு. அதில் வரம்பைத் தொட்டவர்களுக்கு, நடத்திய அந்த நாலு வாரப் பாடத்திலிருந்து மட்டும் நேரடித் தேர்வு. தேறினால் சேரலாம். நம்ம பிள்ளைகளுக்குத் தேர்ச்சி வரம்பிலும் கட்டணத்திலும் சலுகை உண்டு.

அந்த நாலு வாரத்தில் கணிதம் என்ன நடத்துகிறார்கள் தெரியுமா? கணங்கள், உறவுகள், சார்புகள். ஆயத்தளத்தில் நேர்கோடு. இருபடிச் சார்பு. பல்லுறுப்புக்கோவை. வீட்டில் தம்பி தங்கச்சியின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பொருளடக்கத்தைப் பாருங்கள். முதல் இயல் 'உறவுகளும் சார்புகளும்'. மூன்றாவது 'இயற்கணிதம்'. ஐந்தாவது 'ஆயத்தொலை வடிவியல்'. அதே சரக்கு! கூவத்தோரத்திலிருந்து பிடுங்கி எறியப்பட்டுப் பெரும்பாக்கம் அடுக்குமாடியில் கிடக்கிற பிள்ளையின் பையில் அரசாங்கம் இலவசமாகப் போட்ட புத்தகத்துக்குள்தான் ஐ.ஐ.டி.யின் வாசற்படி இருக்கிறது. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. மூணாவது குரூப்பில் தள்ளி, 'உனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல' என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த நாலு வாரம் ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறது. 'முதலில் கற்றுக்கொடு, அப்புறம் சோதி' என்பதுதான் அது. இவ்வளவு காலம் 'தகுதி, திறமை' என்று தொண்டை கிழியக் கத்தியவர்களின் வாயை அவர்களுடைய சொந்த வாசலே அடைக்கிறது. கற்றுக்கொடுக்காமல் சோதிக்கிறவன் தகுதியை அளக்கவில்லை, அப்பன் பாக்கெட்டை அளக்கிறான். ஜே.இ.இ. அளப்பது அதைத்தான். லட்சக்கணக்கில் கொட்டி இரண்டு வருடம், நாலு வருடம் கோச்சிங் போனவனையும் கார்ப்பரேஷன் பள்ளியில் படித்தவனையும் ஒரே கோட்டில் நிறுத்தி விசில் ஊதுவார்கள். அதற்குப் பெயர் போட்டி! பொறியியல் நுழைவுத்தேர்வைத் தமிழ்நாடு 2006இல் சட்டம் போட்டு ஒழித்தது. 2017இல் மருத்துவத்துக்கு நீட் வந்து இறங்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 வாங்கிய அரியலூர் அனிதாவை அந்த வருடமே இழந்தோம். 1176 எடுத்தவளுக்கும் தகுதி இல்லையென்றால், அந்தத் தகுதி எந்தக் கடையில் விற்கிறது என்று நமக்குத் தெரியும்.

'கற்றுக்கொடுத்துச் சோதி' என்பது ஐ.ஐ.டி.க்குப் புதிதும் இல்லை. 1973இல் அங்கே நமக்கு இடஒதுக்கீடு வந்தது. ஜே.இ.இ. வரம்பைத் தொடாத பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களை, இடம் காலியாக இருந்தால், ஒரு வருட ஆயத்தப் படிப்பில் சேர்த்துக் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் நடத்தி மறு வருடம் உள்ளே எடுப்பார்கள். ஆக, கற்றுக்கொடுத்தால் வரும் என்று அவர்களுக்கே தெரியும். தெரிந்தும் அதைப் பிச்சை போடுகிற மாதிரி ஓரத்தில் வைத்திருக்கிறார்கள். உள்ளே போன பிறகும் நிம்மதி கிடையாது. அங்கே கணிதத் துறையில் இருந்த பேராசிரியர் வசந்தா கந்தசாமி, அந்த வளாகத்துக்குள் சமூகநீதிக்காகப் போராடிய துணிச்சலுக்காகவே 2006இல் தமிழக அரசின் கல்பனா சாவ்லா விருது பெற்றார். 2015இல் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை அங்கே பறித்தார்கள். நாடே எழுந்து கேட்ட பிறகு திருப்பிக் கொடுத்தார்கள்.

நம்ம ஆட்களிலேயே சிலர் இப்போது கேட்கிறார்கள்: 'அண்ணே, இது இரட்டைக் குவளைதானே? ஜே.இ.இ. பாஸ் பண்ணவனுக்குக் காட்டுக்குள்ள ஹாஸ்டல், லேப், மான். நமக்கு மட்டும் செல்போன் ஸ்கிரீனா?' நியாயமான கேள்வி. ஒரே கடையில் இரண்டு குவளை இருக்கிறது என்பது உண்மை. வாசலைத் தாண்டியதும் அணிகள், நுண்கணிதம் என்று வெள்ளம் வரும். கை பிடிக்க பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. அதற்காகக் கடைப்பக்கமே போகாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்வது போராட்டம் ஆகாது. 'கணக்கு வராது' என்று வாத்தியார் சொன்னதை நாம் வேறு பாஷையில் சொல்வதாகத்தான் முடியும். குவளையை உடைக்கக் கடைக்குள் போயே ஆகவேண்டும். போகிறவன் கணக்குத் தெரிந்து போகவேண்டும்.

கணக்குத் தெரியாததற்கு நாம் தினமும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் சொல்கிறேன். நுண்கடன் கம்பெனிக்காரன் தெருவுக்குள் வந்து 'பன்னிரண்டு பர்சன்ட்தாம்மா' என்கிறான். பத்தாயிரம் வாங்கிய அக்கா மாதம் 933 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதம் கட்டுகிறாள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் முழுப் பத்தாயிரத்துக்கும் போட்டது போட்டபடி நிற்கிறது. குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் அது வருடத்துக்கு 21 சதவீதத்தைத் தாண்டும். இந்தத் திருட்டைப் பிடிக்க ஐ.ஐ.டி. தேவையில்லை. பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் இரண்டாவது இயலில் இருக்கிற தொடர்வரிசையை ஒழுங்காகப் படித்தவனுக்குப் பிடிபடும். நமக்குக் கணக்கு வராமல் இருப்பதில் எத்தனை பேருக்கு லாபம் என்று இப்போது புரிகிறதா?

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் இதை நமக்கு முன்பே கண்டுகொண்டார்கள். மிசிசிப்பியில் 1960களில் கறுப்பர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் போனவர் பாப் மோசஸ். அங்கே ஓட்டுப் பதியப் போகிற கறுப்பரிடம் மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவை நீட்டி, அதிகாரிக்குத் திருப்தி வருகிற மாதிரி விளக்கம் எழுதச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தை மறுத்தவனே படிப்பைச் சோதித்தான்! அடியையும் ஜெயிலையும் பார்த்த அந்த மோசஸ், 1982இல் தொடங்கியது அல்ஜீப்ரா திட்டம். ஓட்டுரிமை எப்படியோ அப்படித்தான் கணித அறிவும், அதுவும் ஒரு குடியுரிமை என்றார். 2021இல் இறக்கும்வரை அதைப் பேசினார். துப்பாக்கியைப் பார்த்துப் பயப்படாத ஆள் அல்ஜீப்ராவைக் கையில் எடுத்தார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது, தோழர்களே.

'ஆன்லைன்' என்றதும் எல்லோருக்கும் திறந்துவிட்டது என்று கைதட்டுகிறவர்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பக்கம் வரவேண்டும். கூப்பிடு தூரத்தில் ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கம்பெனிகள். அந்தக் கண்ணாடியைத் துடைக்கிற அம்மாவிடம்தான் வீட்டின் ஒரே நல்ல போன். அவள் ஷிப்ட் முடிந்து வந்தால்தான் பாடம். ஒரே அறையில் டி.வி. ஓடும், குழந்தை அழும், பக்கத்து வீட்டில் சண்டை நடக்கும். பாடம் ஆங்கிலத்தில். தமிழில் 'சார்பு' என்று படித்தவளுக்கு அங்கே அது 'ஃபங்ஷன்' என்று வந்து நிற்கும். தனக்குத் தெரிந்ததையே தெரியாததாக நினைத்து மிரண்டு திரும்பிவிடுவாள். அவள் தோற்பது கணக்கில் கிடையாது, இடத்திலும் மொழியிலும்.

இடத்தை நாம் கொடுக்கலாம். அடையாறு ஊரூரில் 1894இல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். அயோத்திதாசரும் அந்தக் காலத்தில் அவரோடு நின்றார். அந்த இடத்திலிருந்து ஐ.ஐ.டி. மதில் எட்டிப்பிடிக்கிற தூரம்தான். நூற்று முப்பது வருடம் கழித்தும் நம்மால் ஒரு இரவு வகுப்பு நடத்த முடியாதா? தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குக் காலை வண்டியில் தொங்கிக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேர் நம்ம ஆட்கள்! வங்கி, எல்.ஐ.சி., ரயில்வே, தலைமைச் செயலகம், பள்ளிக்கூடம். எல்லோரும் ஏதோ ஒரு பரீட்சையில் கணக்குப் போட்டுத்தான் இந்த நாற்காலிக்கு வந்தோம். படித்து வேலைக்குப் போனவர்களைப் பற்றி 1956இல் ஆக்ராவில் அம்பேத்கர் எவ்வளவு நொந்து பேசினார் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். ஏப்ரல் 14 அன்று மாலை போட்டால் அந்த நோவு தீருமா?

ஆகவே, செய்ய வேண்டியது இது.

ஒன்று: இரும்புலியூரிலோ பெருங்களத்தூரிலோ பெரும்பாக்கத்திலோ, மன்றமோ சர்ச்சோ சமுதாயக்கூடமோ, ஒரு அறை. வாரத்தில் மூன்று ராத்திரி. ஒரு கரும்பலகை, ஒரு கணினி, பத்தாம் வகுப்புப் புத்தகம். ஐ.ஐ.டி.யின் பாட வீடியோக்கள் யூடியூபில் இலவசமாகவே இருக்கின்றன. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் பக்கத்தில் நம்ம புத்தகத்துத் தமிழ்ச் சொல்லை எழுதிப் போடுங்கள். பாதி பயம் அங்கேயே போய்விடும்.

இரண்டு: இந்தப் படிப்புக்கு நம் மாணவர்களைச் சேர்த்துவிட தாட்கோ அறிவிப்பு விட்டிருக்கிறது. அறிவிப்பு பேப்பரோடு நின்றுவிடாமல் போய் உட்கார்ந்து கேளுங்கள். தேறுகிறவரை பயிற்சி, தேறிய பின் பட்டம் வாங்குகிறவரை கூடவே ஒரு ஆசிரியர். முதல் நாலு வாரத்துக்குப் பாலம் போட்டுவிட்டு நடு ஆற்றில் விடுகிற வேலை வேண்டாம்.

மூன்று: பத்தாம் வகுப்பு முடிக்கிற நம் பிள்ளை எவரையும் கேட்காமல் கணக்கில்லாத குரூப்பில் தள்ளுகிற பள்ளியின் வாசலில் பெற்றோரோடு போய் நில்லுங்கள்.

நான்கு, இதுதான் முக்கியம்: பக்கத்து வாசலில் நாலு வாரம் கற்றுக்கொடுத்துச் சோதிக்க முடிகிற ஐ.ஐ.டி., பெரிய வாசலில் ஏன் அதைச் செய்யக்கூடாது? மருத்துவத்துக்கு ஏன் கூடாது? கற்றுக்கொடுக்காத எதையும் எவனும் சோதிக்கக் கூடாது என்பதை நம் கோரிக்கையாக எழுப்புங்கள். சலுகை கேட்கிற குரலில் வேண்டாம், பாக்கியை வசூலிக்கிற குரலில் கேளுங்கள்.

நிலத்தில், கூலியில், வட்டியில், பள்ளிக்கூடத்தில் நமக்கு வரவேண்டியது ஏராளமாக நிற்கிறது. அதைக் கூட்டிப் போட நமக்குத்தான் கணக்குத் தெரியவேண்டும்.