1977: ஆட்சி மாறிய அதே மார்ச்சில் ஜவ்வாது மலையில் நடந்தது என்ன?

'1977-ல என்ன நடந்துச்சு?' என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 'எமர்ஜென்சி முடிஞ்ச வருஷம்', 'எம்.ஜி.ஆர் முதலமைச்சர் ஆன வருஷம்' என்று சட்டென்று பதில் வரும். அந்த ஆண்டின் முக்கியத் தேதிகள் இவை:

பிப்ரவரி 11: குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது பதவியில் இருக்கும்போதே காலமானார்.

மார்ச் 16 - 20: மக்களவைத் தேர்தல். ரேபரேலியில் இந்திரா காந்தியே தோற்றார்.

மார்ச் 21: நெருக்கடி நிலை விலக்கிக்கொள்ளப்பட்டது.

மார்ச் 24: மொரார்ஜி தேசாய் பிரதமரானார். காங்கிரஸ் அல்லாத முதல் மத்திய அரசு.

ஜூன் 30: தமிழக முதலமைச்சராக எம்.ஜி.ஆர் பதவியேற்றார்.

நவம்பர்: நாகப்பட்டினத்தை ஒரு புயல் தாக்கியது. அடுத்த சில நாள்களில் ஆந்திராவின் திவிசீமையை இன்னொரு புயல் சூறையாடியது.

இந்தப் பட்டியலில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் தேதி, மார்ச் 10.

தேர்தல் பிரசாரம் உச்சத்தில் இருந்த நேரம் அது. அன்றிரவு, அப்போதைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த ஜவ்வாது மலையின் காவலூரில், விஞ்ஞானிகள் ஒரு மீட்டர் தொலைநோக்கியுடன் காத்திருந்தார்கள். யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் அரிய நிகழ்வைப் பதிவு செய்வதுதான் திட்டம். ஆனால், கோள் நெருங்கும் முன்பே நட்சத்திரத்தின் ஒளி சில நொடிகள் மங்கி, மீண்டும் பழையபடி ஒளிர்ந்தது!

பதிவு செய்த ஜே.சி.பட்டாச்சார்யாவும் கே.குப்புசாமியும், யுரேனஸின் புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே, விமானத்தில் பொருத்திய தொலைநோக்கியால் பார்த்த அமெரிக்கக் குழுவுக்கும் ஒளி பலமுறை மங்கியது தெரிந்தது. கோளுக்கு முன்னால் மங்கிய அதே தூரங்களில், கோளைக் கடந்த பிறகும் மங்கியிருந்தது. விடை கிடைத்தது: யுரேனஸைச் சுற்றி வளையங்கள்!

எப்படி என்கிறீர்களா? எரியும் விளக்குக்கு முன்னால் ஒரு வளையலைக் குறுக்காக நகர்த்திப் பாருங்கள். விளிம்பு இரண்டு முறை விளக்கை மறைக்கும். அவ்வளவுதான் கணக்கு.

அதுவரை வளையம் உள்ள கோள் என்றால் சனி மட்டும்தான். பாடப்புத்தகத்தையே மாற்றிய அந்தக் கண்டுபிடிப்புக்கு நம் மலையின் பதிவும் ஒரு சாட்சி. காவலூரைத் தேர்ந்தெடுத்து வளர்த்தவர் வானியலாளர் வைணு பாப்பு. 1982-ல் அவர் மறைந்தார். 1986 ஜனவரியில் அந்த ஆய்வகத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

இது பழைய பெருமை மட்டுமல்ல. அன்று பதிவானது, ஒரு மங்கலான நட்சத்திரத்தின் ஒளியில் ஏற்பட்ட மிகச் சிறிய மாற்றம். அதைப் பிடிக்க நல்ல கருவி இருந்தால் மட்டும் போதாது, இருண்ட வானமும் வேண்டும். சுற்றுவட்டாரத்தில் வானத்தை நோக்கி எரியும் விளக்குகள் கூடக் கூட, அந்த இருட்டு கரைந்துகொண்டே போகும். விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. தெருவிளக்கோ, விடுதி விளக்கோ, வெளிச்சம் தரையில் விழுமாறு மூடி போட்டாலே பெரிய உதவி.

அடுத்த முறை ஜவ்வாது மலைக்குச் சுற்றுலா போனால், இரவில் ஐந்து நிமிடம் மொபைலை அணைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். குழந்தைகளுக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் 1977 எப்படி இருந்தது? பெரியவர்களிடம் கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த வாரம் இன்னோர் ஆண்டோடு சந்திப்போம்!