நிறத்திலுமா அடிமைத்தனம்?

பொங்கல் விழா நெருங்கினால், ஊர்தோறும் இளைஞர்கள் குழுவாய்க் கூடி ஒரே நிறச் சட்டை எடுக்கத் துணிக்கடை ஏறுகின்றனர். ஒருமை தோன்ற ஒத்த உடை உடுத்தல் நன்றே. ஆயின் கடையினுள் நடப்பது யாது? "மெரூன் எடுப்போமா? கிரே மேட்ச் ஆகுமா? அந்தக் கலர் கறுப்பாய் இருப்பவனுக்கு எடுக்காதே!" இச்சொல் கேட்ட அளவில், பதின்மருள் கரிய மேனியன் ஒருவன் தலை கவிழ்கின்றான். குழுவை இணைக்க வாங்கும் உடையே குழுவைப் பிளந்துவிடுகின்றது!

முதற்கேடு மொழிக்கேடு. அரக்கு, சாம்பல், பழுப்பு, பாக்கு, மயிற்கழுத்து, மாந்தளிர், கிளிப்பச்சை என நம் நெசவாளர் நாவில் நிறப்பெயர்கள் நிறைந்திருக்க, மெரூனையும் கிரேயையும் இரந்துண்பது ஏன்? கண்ணால் காணும் நிறத்தைக்கூடத் தன் மொழியாற் சுட்டமாட்டாதவன், வேறெதனைத் தன்னதென்பான்?

அதனினும் பெருங்கேடு மானக்கேடு. வெளுத்த தோலே அழகென்னும் எண்ணம் தமிழனுடையதன்று. மாந்தளிர் போலும் மாமையையே கழகப் புலவர் எழிலெனப் போற்றினர். மேனி வெளிறும் பசலையையோ, பிரிவுத்துயர் தந்த நோயென்றனர். குறுந்தொகை 27ஆம் பாட்டில் வெள்ளிவீதியார், தம் மாமையழகைப் பசலை தின்பதற்கே வருந்துகின்றார். அன்று நோயாயிருந்தது இன்று அழகாயிற்று. அன்று அழகாயிருந்தது இன்று குறையாயிற்று! எத்துணைப் பேதைமை!

எல்லார்க்கும் பொருந்தும் நிறம் எது என வினவுவார்க்கு விடை நம் வரலாற்றிலேயே உளது. 1945இல் பெரியார் கருஞ்சட்டைப் படையைத் தோற்றுவித்தார். எவன் முகத்திற்கு எது எடுப்பு என ஆராய்ந்தெடுத்த நிறமன்று அது; இனத்தின் இழிவை நினைவூட்டவும் துடைக்கவும் எடுத்த நிறம். 1946இல் மதுரையில் கருஞ்சட்டை மாநாட்டுப் பந்தல் எரிக்கப்பட்டது. 1948இல் சென்னை அரசு அப்படையைத் தடை செய்தது. ஆயினும் அச்சட்டை கழன்றதில்லை. அணிந்தாருள் கரியரும் இருந்தனர், சிவந்தாரும் இருந்தனர். எவர்க்கும் அது பொருந்தாது போகவில்லை. கொள்கை பொருந்தினால் நிறமும் பொருந்தும்.

கருமை வெயிலிற் சுடுமெனின் வெண்மை கொள்க. அன்றி அரக்கோ நீலமோ கொள்க. எதைக் கொள்ளினும், தேர்வில் முதற்சொல் தலைகவிழ்ந்த அக்கரிய இளைஞனுடையதாகுக! படமெடுக்குங்கால் அவனைப் பின்வரிசைக்குத் தள்ளாதீர், நடுவில் நிறுத்துக!

தமிழிளைஞரே! சட்டையின் நிறத்தைப் பின்னர்த் தேர்க. உள்ளத்துப் படிந்த வெள்ளைக் கறையை முன்னர்க் கழுவுக!